ஐயத்தின் எல்லை

பாரத தேசத்துத் தரிசன நூல்களுள் எதனைத் திறந்தாலும், உலகத்தையும் உயிரையும் இறைவனையும் பற்றி அந்நூல் சொல்ல வந்ததைச் சொல்லுமுன், ஒன்றை அறிந்தோம் என்று கூறுகிறவன் எந்தக் கருவியைக் கொண்டு அதனை அறிந்தான் என்னும் கேள்வி வழிமறித்து நிற்கக் காண்கிறோம். கௌதமருடைய நியாய சூத்திரம் பதினாறு பதார்த்தங்களை எண்ணத் தொடங்கும்போது முதலிடத்தைப் பிரமாணத்துக்கே கொடுக்கிறது; அருணந்தி சிவாசாரியர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கமும் பிரமாணமாகிய அளவையின் இலக்கணத்தை வகுத்து முடித்த பின்பே சூத்திரப் பொருளுக்குள் புகுகிறது. அவ்வளவைகள் எத்தனை என்பதில் மட்டும் ஆசிரியர்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகளுள் முதலாவதாகப் பேசும் அளவைவாதி, வியாசர் பத்தும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் கொண்டனர் என்று கணக்குச் சொல்லுகிறான். சித்தியார் அந்தப் பத்தையும் எண்ணிக்காட்டிக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. பௌத்தர் இரண்டோடு நிறுத்தினர். உலகாயதன் காட்சி ஒன்றே போதும் என்று எழுந்துவிட்டான்.

பத்தா, ஆறா, மூன்றா என்னும் வழக்கு ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினை போன்றது. யாருக்கு எந்தப் பங்கு என்பதில் சண்டையே தவிர, சொத்து இருப்பதில் எவருக்கும் ஐயமில்லை. சொத்தே இல்லை என்று வாதாடியவன் உலகாயதன். ஆகவே, அளவை நூல் வரலாற்றில் உயிர்ப்பான போராட்டம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே, அதாவது கண்டதற்கும் கண்டதைக் கொண்டு காணாததைக் கருதும் அனுமானத்துக்கும் இடையே நிகழ்ந்தது என்பதே என் கருத்து. அந்தப் போராட்டத்தில் இருதரப்பாரும் கையாண்ட வாதங்களையும், வென்றவர்கள் பெற்ற வெற்றி உண்மையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இங்கே ஆராயலாம்.

8-ஆம் நூற்றாண்டுச் சமண ஆசாரியரான ஹரிபத்திரர், ஆறு தரிசனங்களையும் தொகுத்துரைக்கும் தம் நூலில் உலகாயத மதத்தைக் கூறுமிடத்து, ஓநாயின் அடிச்சுவடு ஒன்றைக் குறிப்பாகச் சொல்லிச் செல்லுகிறார். அக்குறிப்புக்குப் பின்னாலுள்ள கதையை உரைகாரர்கள் விரித்திருக்கிறார்கள். நாத்திகன் ஒருவனுக்கு ஆத்திகத்தில் பற்றுள்ள மனைவி வாய்த்தாள். கண்டதைக் கொண்டு காணாததை நிச்சயிக்கும் பண்டிதர்களிடத்தில் அவளுக்கு அளவிறந்த மதிப்பு. ஓரிரவு அவன் அவளை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே, தெருப்புழுதியில் தன் கைவிரல்களால் ஓநாயின் சுவடுகளைப் பதித்துக்கொண்டே வந்தான். பொழுது விடிந்ததும் ஊர் கூடியது, கற்றறிந்தோர் வந்தனர், சுவடுகளைக் குனிந்து நோக்கினர், ஓநாய் வந்தாலன்றி இத்தகைய சுவடு உண்டாக இடமில்லையாதலால் இரவில் காட்டிலிருந்து ஓர் ஓநாய் ஊருக்குள் வந்ததென்பது நிச்சயம் என்று தீர்ப்பும் கூறினர். கணவன் மனைவியின் பக்கம் திரும்பி, நீ போற்றும் மகான்களின் அறிவைப் பார்த்துக்கொள் என்றான்.

கதை சாமர்த்தியமானது. ஆனாலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் அனுமானம் பொய்த்ததைக் காட்டி, ஆகையால் அனுமானம் முழுதும் பொய்க்கும் என்று அவன் மனைவியை நம்பச் செய்வானானால், கண்ட ஒன்றிலிருந்து காணாத பலவற்றுக்குத் தாவும் வேலையையே அவனும் செய்கிறான். கண்ணிலே பட்டது அந்த ஒரு காலைப்பொழுதின் தவறு மட்டுந்தான்.

அனுமானம் எவ்வாறு இயங்குகிறது என்று நியாய நூலாராகிய நையாயிகர் கூறுவதை அறிந்தால் இந்தச் சிக்கலின் ஆழம் விளங்கும். மலை நெருப்புடையது என்பது மேற்கோள்; புகையுடைமையால் என்பது ஏது; எங்கெங்குப் புகை உண்டோ அங்கங்கு நெருப்பு உண்டு, அடுக்களையிற்போல என்பது எடுத்துக்காட்டு; இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம்; ஆகலின் நெருப்புடையது என்பது நிகமனம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்கு ஏரி எதிர்மறை எடுத்துக்காட்டாகும். இந்த ஐந்து உறுப்புக்களுக்கும் உயிர்நாடி, புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிரியாத உடனிகழ்ச்சியாகிய வியாப்தி. அது உறுதியாயின் மலை ஏறிப் பார்க்கவேண்டியதில்லை. அது ஆட்டங்கண்டால் ஐந்து உறுப்பும் ஐந்து வெற்றுரைகளே.

மணிமேகலையின் அளவைவாதி அனுமானத்தை மூன்றாக வகுக்கிறான். கானகத்தில் எழுந்த ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டென்று கொள்வது பொது. ஆற்றில் வெள்ளம் வரக்கண்டு மேற்றலையில் மழை பெய்தது என்று கொள்வது எச்சம். கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்று கொள்வது முதல். மூன்றாவது எவ்வளவு நொய்தானது என்பது, கருமுகிலை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்ற உழவர் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் குற்றமற்றதன்று. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இதனை மறைக்காமல், எதிரியின் வாயிலேயே வைத்துப் பேசுகிறது: ஆறு பெருகுவது அணை கட்டியதாலும் ஆகலாம், எறும்புகள் முட்டையைச் சுமந்து செல்வது புற்று இடிந்ததாலும் ஆகலாம், மயிலின் அகவல் மயிலைப்போல் கூவும் மனிதனுடையதாகவும் இருக்கலாம், ஆதலால் அனுமானம் பிரமாணமன்று. இதற்கு விடை கூறும் அந்நூலின் உரைகாரர் வாத்ஸ்யாயனர், ஒரு கிழட்டுப் படகோட்டிக்குரிய கவனத்தோடு ஆற்றைப் பார்க்கிறார். மேலே மழை பெய்து வரும் புனல் வெறும் நீர்ப்பெருக்கமாக வராது, அது வேகங்கொண்டு வரும், நுரைத்து வரும், பழங்களையும் இலைகளையும் மரக்கட்டைகளையும் அடித்துக்கொண்டு வரும். அணையால் தேங்கி உயர்ந்த நீரைக் கண்டு மழை என்றவன் ஏதுவல்லாததை ஏதுவாகக் கொண்டான். குற்றம் அவனுடையது, அனுமானத்தினுடையது அன்று.

அழகான விடை என்பதில் ஐயமில்லை. ஓநாய்ச் சுவட்டைப் பார்த்த பண்டிதர்களுக்கும் இதுவே பொருந்தும்: அவர்கள் இன்னும் சற்றுக் குனிந்து பார்த்திருக்கவேண்டும். ஆயினும் எவ்வளவு குனிந்தால் போதும்? நுரையையும் கட்டையையும் கண்ட பிறகும், மழையின்றி இவையெல்லாம் வருவதற்கு வேறொரு காரணம் இருக்கலாகாது என்பதை எவ்வாறு நிச்சயிப்பது?

இக்கேள்வியை முழு வன்மையோடு எடுத்துரைப்பது 14-ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகம். தாழ்ந்த படியிலிருந்து உயர்ந்த படிக்கு ஏறுவதாகத் தரிசனங்களை வரிசைப்படுத்திய அவ்வேதாந்தி, உலகாயதனாகிய சார்வாகனை அடிப்படியில் நிறுத்தினாலும் அவன் வாதத்தைச் சிறிதும் மழுக்காமல் எழுதியிருப்பது வியந்து போற்றத்தக்கது. சார்வாகன் கேட்கிறான்: வியாப்தியை எதனால் அறிந்தீர்? கண்ணால் என்றால், கண் இப்போது எதிரே நிற்கும் புகையைக் காணுமேயன்றி, இறந்த காலத்துப் புகையையும் இனி எழப்போகும் புகையையும் காணாது; வியாப்தியோ எல்லாக் காலத்துப் புகையையும் பற்றியது. மனத்தால் என்றால், மனம் புறப்பொருள்களில் வெளியிந்திரியங்களின் வழியன்றித் தானே சென்று பற்றமாட்டாது. வேறோர் அனுமானத்தால் என்றால், அதற்கு அடிப்படையான வியாப்தியை அறிய மூன்றாவது அனுமானம் வேண்டும், அதற்கு நான்காவது, முடிவில்லை. பெரியோர் சொல்லால் என்றால், சொல்லைக் கேட்டுப் பொருளறிவதற்கே அனுமானம் வேண்டியிருக்கிறது. அன்றியும், ஒருவன் சொன்னான் என்பதற்காகப் புகைக்கும் நெருப்புக்கும் பிரியாத தொடர்பு உண்டென்று ஏன் நம்பவேண்டும்?

இதற்கு மேலும் ஓர் ஆணி அறைகிறான். வியாப்தியைக் கெடுக்கும் மறைந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். புகையால் நெருப்பை அனுமானிப்பதற்கு மாறாக நெருப்பால் புகையை அனுமானித்தால் தவறிவிடும். கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை இருந்தாலன்றி நெருப்பு புகையாது. அந்த ஈர விறகே இங்கு உபாதி. இந்த ஒன்றைக் கண்டுபிடித்தோம், சரி. கண்டுபிடிக்கப்படாத உபாதி எதுவும் ஓர் அனுமானத்தில் ஒளிந்திருக்கவில்லை என்பதை எதனைக் கொண்டு அறிவது? கட்புலனாகாத உபாதியின் இன்மை கட்புலனாவது எங்ஙனம்? 1739-இல் தொடங்கி டேவிட் ஹியூம் ஸ்காட்லாந்திலிருந்து ஐரோப்பியத் தத்துவத்தை உலுக்கிய வினாவும் ஏறக்குறைய இதுவே. அவர் அதைப் பழக்கத்தின் மேல் சுமத்தி அமைதி கண்டார். சார்வாகனும் அவ்வாறே, மக்கள் புகையைக் கண்டு நெருப்பைத் தேடிச் செல்வது வெறும் சம்பாவனையால், அதாவது இருக்கக்கூடும் என்ற எண்ணத்தால் என்றும், சில வேளை அது பலிப்பது தற்செயல் என்றும் கூறிவிடுகிறான். இந்த ஐயப் போக்கைக் காட்சிப் பிரமாணத்தின்மீதும் திருப்பி, எந்த அளவையும் தன்னை நிலைநாட்டிக்கொள்ளாது என்று கூறிய ஜயராசி பட்டருடைய நூல், 1926-இல் குஜராத்தின் பாடண் நகரத்து ஏட்டுச் சுவடிகளிடையே கிடைத்து 1940-இல் பரோடாவில் அச்சேறியது. சார்வாகரைப் பற்றி அதுவரை நமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பகைவர் எழுதிவைத்த குறிப்புக்களே.

பௌத்தர்கள் இந்த இடர்ப்பாட்டைக் கடக்க முயன்ற வழி வேறு. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திக்நாகர், ஏது பக்கத்தில், அதாவது மலைபோல் ஆராயப்படும் இடத்தில் இருத்தல், ஒத்த இடத்தில் இருத்தல், ஒவ்வாத இடத்தில் முற்றும் இல்லாமை என்னும் மூன்று இலக்கணங்களை வகுத்தார். அவருக்குப் பின்வந்த தர்மகீர்த்தி, பலமுறை சேர்ந்து கண்டோம் என்பது மட்டும் பிரியாமைக்குச் சான்றாகாது என்பதை உணர்ந்து, ஒன்று மற்றொன்றின் காரியமாக இருத்தல் வேண்டும், அல்லது அதன் சுபாவமாகவே இருத்தல் வேண்டும் என்றார். புகை நெருப்பின் காரியம். சிஞ்சுபம் என்னும் மரவகை மரமாயிருப்பது அதன் சுபாவம். மறுத்தவர்கள் உடனே வானத்தைக் காட்டினார்கள். கார்த்திகை உதித்ததைக் கண்டு அடுத்து உரோகிணி உதிக்கும் என்று கொள்கிறோம். கார்த்திகை உரோகிணிக்குக் காரணமுமன்று, சுபாவமுமன்று. ஆயினும் அந்த அனுமானம் பிழைப்பதில்லை.

பௌத்த அளவை நூலின் செல்வாக்கு தமிழில் நேராகப் பதிந்திருக்கும் இடம் மணிமேகலையின் 29-ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கையில் அளவை இரண்டே என்றும், ஐந்து உறுப்புக்களுள் இறுதி இரண்டும் எடுத்துக்காட்டாகிய திட்டாந்தத்தில் அடங்கும் என்றும் கூறிப் போலிகளை அடுக்குகிறார்: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. இந்த முப்பத்து மூன்றும் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தில் உள்ளவற்றோடு எண்ணிக்கையிலும் முறைவைப்பிலும் ஒத்திருக்கின்றன. யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் பெயர்த்த நூல் அது. மணிமேகலை திக்நாகருக்கு முற்பட்டதென்று எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் வாதாடினார். நியாயப்பிரவேசத்தை ஒட்டியே இப்பகுதி இயன்றதென்று கொள்வோர் கருத்து அதற்கு மாறானது. 1898-இல் இந்நூலை முதன்முதல் ஒழுங்காகப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பௌத்தக் கொள்கைகளை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்தில் ரங்காசாரியாரைத் துணைக்கொள்ளவேண்டியிருந்தது. காவியம் படிக்க வந்தவர் தருக்கத்தில் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பலர் இக்காதையைத் தள்ளிவிட்டுப் படிப்பதில் வியப்பில்லை.

சார்வாகனுக்கு நேர்நின்று விடை கூறியவர், 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிதிலையில் விளங்கிய உதயணாசாரியர். அவருடைய நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் அவர் பேசும் தோரணையில் ஓரளவு எள்ளலும் கலந்திருக்கிறது. காணப்படாதது இல்லை என்பது கொள்கையானால், வீட்டை விட்டு வெளியே போன சார்வாகன் தன் மனைவி மக்கள் கண்ணில் படாமையால் அவர்கள் இல்லாதொழிந்தனர் என்று முடிவுகட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அங்கேயே அழவேண்டியதுதானே, வீடு திரும்புவானேன் என்று கேட்கிறார். அதுவுமன்றி, காண்கின்ற கண் இந்திரியம் தன்னைத் தான் காண்பதில்லை; காணப்படாமையால் அதுவும் இல்லையென்றால், அவன் போற்றும் காட்சிப் பிரமாணமே அவனுக்குக் கிடையாது.

பரிகாசத்துக்குப் பின் வருவதுதான் வாதம். வேறோர் இடத்திலோ வேறொரு காலத்திலோ நெருப்பின்றியும் புகை இருக்கலாமே என்று ஐயுறுகிறாய். அந்த வேறிடமும் வேறு காலமும் உன் கண்ணெதிரே இல்லை. அவை உண்டென்று நீ கொண்டது எதனால்? அனுமானத்தால். ஆகவே ஐயம் இருக்குமானால் அனுமானமும் இருக்கிறது. ஐயம் இல்லையானால் அனுமானத்துக்குத் தடையே இல்லை. இனி, ஐயம் எதுவரை செல்லலாம்? தன் செயலோடு தானே முரண்படும் எல்லை வரையில் செல்லலாம், அதற்கப்பால் செல்லாது. பின்வந்த நையாயிகரான கங்கேசர் தத்துவசிந்தாமணியில் இதனை இன்னும் தெளிவாக்கினார். நெருப்பின்றிப் புகை உண்டாகலாமென்று மெய்யாகவே ஐயுறுகிறவன், புகை வேண்டியபோது தவறாமல் நெருப்பைத் தேடமாட்டான். பசி தீரச் சோற்றைத் தேடமாட்டான். தன் கருத்தைப் பிறருக்கு உணர்த்தச் சொற்களைக் கையாளமாட்டான். இவையனைத்தையும் தயங்காமல் செய்துகொண்டே ஐயம் என்றும் சொல்லுகிறவனுடைய ஐயம் நாவளவில் நிற்பது.

இந்த விடையின் இயல்பை நாம் கவனித்தல் வேண்டும். வியாப்தியை எவ்வாறு அறிந்தீர் என்பது சார்வாகனின் வினா. உதயணரும் கங்கேசரும் புகையை விட்டுவிட்டு, வினவுகிறவனுடைய கையையும் காலையும் பார்க்கிறார்கள். தருக்கத்தின் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியை அவர்கள் செய்து கொடுக்கவில்லை. அந்தக் கண்ணி இன்றியே அவன் தொங்கிக்கொண்டிருப்பதை அவனுக்குக் காட்டினார்கள். இது வாதத்தில் தப்பித்துக்கொள்ளும் உபாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது அளவை நூல் கண்ட மிகப் பெரிய உண்மையாகத் தோன்றுகிறது. அறிவு என்பது செயலுக்கு முன்னரே முடிந்துவிடும் ஒரு காரியமன்று. செயலில் இறங்கிப் பயன் கண்டு திரும்புவதால் உறுதிப்படுவது என்று நையாயிகர் வேறிடங்களில் கூறும் கொள்கையோடும் இது இயைகிறது.

உதயணரின் விடையை 12-ஆம் நூற்றாண்டின் ஸ்ரீஹர்ஷர் ஒப்பவில்லை. நளன் கதையை வடமொழியில் பாடி, அதிவீரராம பாண்டியரின் நைடதம் வழியாகத் தமிழருக்கும் உறவானவர் அவர். தருக்கத்திலோ கூரிய வாள். உதயணரின் சுலோகத்தையே சிறிது மாற்றி அவர்மேல் திருப்பினார்: முரண்பாடு என்று ஒன்று இருக்கவேண்டுமானால், முரண்படும் இரண்டில் ஒன்றாகிய ஐயமும் இருந்தாகவேண்டுமே, ஐயத்தை முரண்பாடு ஒழித்துவிட்டதென்பது எப்படி? சொல்லழகு மிக்க இந்த மறுப்பு, நெருப்பு மூட்டுகிற கையைத் தடுக்குமளவுக்கு வலியுடையதா என்பதை வாசகரே எண்ணிப்பார்க்கலாம்.

அனுமானம் மலையையும் புகையையும் பற்றிய விஷயமாக மட்டும் இருக்குமானால், சார்வாகனுக்கு ஓரளவு இடங்கொடுத்துவிட்டு நாம் சுகமாக வாழலாம். மலையில் நெருப்பு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? அவ்வாறன்று என்பதை மணிமேகலையை இயற்றிய சாத்தனார் அந்த 27-ஆம் காதை ஒன்றிலேயே காட்டியிருக்கிறார். அளவைவாதி பிரமாணங்களுக்குரிய எட்டுக் குற்றங்களைச் சொல்லும்போது, இப்பியை வெள்ளி என்று கொள்ளும் திரிவையும், நிற்பது தறியோ மகனோ என்னும் ஐயத்தையும், புலி எதிர்வரக் கண்டும் அறியாமையையும் கூறிவந்து, இறுதியில் நினைப்பு என்று ஒன்றைச் சேர்க்கிறான். காரணம் ஏதும் அறியாமல், உனக்குத் தாயும் தந்தையும் இவர் என்று பிறர் சொல்ல, அவ்வாறே கொள்வது நினைப்பு. முயற்கொம்பு உண்டென்பதும் பெற்றோரை அறிந்திருப்பதும் ஒரே குற்றப் பட்டியலில் ஏறிவிட்டன. இதனைப் படிக்கும் எவரும் ஒரு கணம் திடுக்கிடாமல் இருக்கமுடியாது.

அக்காதையின் முடிவில் பூதவாதி வருகிறான். தாதகிப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூட மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது. கண்கூடாகக் கண்டதே உண்மை, கருத்தளவு அழிவது. மறுபிறப்பும் வினைப்பயனும் பொய் என்பது அவன் கொள்கை. தவமுனிவன் வேடத்தில் நிற்கும் மணிமேகலை, தன் முற்பிறப்பை அறிந்தவளாதலால் நகைக்கிறாள். அவனோ, தெய்வமேறியவர்களும் கனாக் கண்டவர்களும் கூறுவது போன்ற மயக்கமே அது என்கிறான். அதற்கு அவள் முற்பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் விரித்துரைக்காமல், உன் தந்தை தாயரை அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று மட்டும் வினவுகிறாள். தொடக்கத்தில் ஒருவன் பிரமாணத்தின் குற்றத்துக்கு உதாரணமாகச் சொன்ன அதே செய்தி, முடிவில் பிரமாணத்தை மறுத்தவன் வாயடைக்கும் ஆயுதமாக வருகிறது. சாத்தனார் இதனைத் தெரிந்தே செய்தாரென்று நான் நம்புகிறேன். தான் பிறந்ததை எவனும் கண்டதில்லை. காட்சி மட்டுமே கொள்வேன் என்பவன் மறுமையை மட்டும் இழப்பதில்லை. தன் தாயையும் இழக்கிறான்.

தர்மகீர்த்தி இந்த வாதத்தை இன்னும் அண்மைக்குக் கொண்டுவந்தார். காட்சியே பிரமாணம், அனுமானம் அன்று என்று உலகாயதன் சபையில் எழுந்து சொல்லுகிறானே, யாரை நோக்கிச் சொல்லுகிறான்? எதிரே இருப்பவன் தன் கருத்துக்கு மாறான கருத்துடையவன் என்று அறிந்தாலன்றி வாதம் செய்ய முற்படமாட்டான். பிறன் மனத்தை அவன் கண்ணால் காணவில்லை. பேச்சையும் முகக்குறியையும் கொண்டு அனுமானித்தான். இது காட்சி, ஆகலின் பிரமாணம்; அது அனுமானம், ஆகலின் அன்று என்று பொதுவாகப் பிரித்ததும் அனுமானமே. மறுமை முதலியவை இல்லை என்று மறுத்ததும் காட்சியால் ஆகாது. பிறர் மனம் உண்டென்பதை நிலைநாட்டத் தர்மகீர்த்தி தனி நூலே ஒன்று எழுதினார். அது திபெத்திய மொழிபெயர்ப்பில் எஞ்சியிருக்கிறது. என் சொல்லுக்கும் செயலுக்கும் முன் என் எண்ணம் நிகழ்வதை அறிவேன். என் எண்ணமின்றியே வேறிடத்தில் சொல்லும் செயலும் நிகழக் காண்கிறேன். ஆகலின் அவற்றுக்கு முன் வேறோர் எண்ணம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். சில நூற்றாண்டுகளுக்குப் பின் அம்மரபிலேயே வந்த ரத்னகீர்த்தி, பரமார்த்தத்தில் பிற மனம் என்று ஒன்றைச் சாதிக்க முடியாதென்று மறுநூல் எழுதினார். அந்த நூலை யார் படிப்பதற்காக எழுதினாரோ என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறர் மனம் கிடக்கட்டும், தன் மனமாவது ஒருவனுக்குக் காட்சியா? நையாயிகர் அதுவும் இல்லை என்கிறார்கள். இன்ப துன்பங்களை மனத்தால் அறிகிறோம். மனத்தை எதனாலும் காண்பதில்லை. இந்திரியங்கள் ஐந்தும் தத்தம் பொருள்களோடு சேர்ந்திருக்கும்போதும் அறிவுகள் ஒருங்கே தோன்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதே மனம் என்று ஒன்று உண்டென்பதற்குக் குறி என்பது கௌதமர் சூத்திரம். ஒரு நேரத்தில் ஓர் இந்திரியத்தோடு மட்டும் சேரக்கூடிய அணுவளவான கருவி அது. எதிரிகள் விடவில்லை; நீண்ட முறுக்கு ஒன்றைக் கடித்துத் தின்னும்போது அதன் வடிவம், மணம், சுவை, ஊறு, நொறுங்கும் ஓசை ஆகிய ஐந்தும் ஒரே கணத்தில் அறியப்படுகின்றனவே என்றார்கள். வடநூலார் கூறும் சஷ்குலி நம் முறுக்கைப் போன்ற பணியாரமே. அதற்கு விடை: நூறு குவளை இதழ்களை அடுக்கி ஊசியால் குத்தினால் எல்லாவற்றையும் ஒருங்கே துளைத்ததாகத் தோன்றுகிறது, உண்மையில் ஒவ்வொன்றாகவே துளைத்தது, வேகத்தால் வரிசை மறைந்தது. இந்த அணுமனத்தை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை; மீமாம்சகர்களுள் பாட்டர் மனம் எங்கும் நிறைந்ததென்றே கொண்டனர். நான் சுட்டுவது இவ்வளவே: பெற்றவள், எதிரே அமர்ந்து பேசுகிறவன், தன்னுள்ளேயே இயங்கும் மனம் ஆகிய மூன்றும், மனிதனுக்கு இவற்றைவிட நெருங்கியது இல்லையென்னும்படி இருந்தும், மலைநெருப்பைப் போலவே புகையைக் கொண்டு அறியப்படுவனவாக இருக்கின்றன.

உலகாயதர்களுள்ளும் இதனை உணர்ந்தவர் இருந்தனர். புரந்தரர் என்னும் சார்வாக ஆசிரியர், உலக விவகாரத்தில் வழங்கும் அனுமானத்தைத் தாமும் ஏற்பதாகவும், உலக வழக்கைக் கடந்து காணவே இயலாத பொருள்களைச் சாதிக்க அதனைக் கொண்டுசெல்வதையே மறுப்பதாகவும் கூறினாரென்று பௌத்த ஆசிரியர் கமலசீலர் எழுதிவைத்திருக்கிறார். இந்த நடுவழியை ஆசாரியர்கள் போகிற போக்கில் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்கென்னவோ, உதயணரின் விடை வெல்லுமிடமும் புரந்தரர் கோடு கிழித்த இடமும் ஒன்றே என்று படுகிறது. நெருப்பை ஐயுறுகிறவனை அவன் கையே மறுக்கிறது. சோற்றை ஐயுறுகிறவனை அவன் வயிறே மறுக்கிறது. எந்தச் செயலும் எட்டாத பொருளைப் பற்றி ஐயம் எழுந்தால் அதனை மறுக்க எது முன்வரும்?

உதயணர் தம் நூலை எழுதியதோ அத்தகைய பொருளுக்காகத்தான். குசுமாஞ்சலி முழுவதும் ஈசுவரனைச் சாதிக்க எழுந்தது. பூமி முதலியன காரியமாதலால், குடம் போல, ஒரு கர்த்தாவினால் ஆக்கப்பட்டவை என்பது அதன் ஐந்தாம் பகுதியில் நிற்கும் தலைமையான அனுமானம். எதிரிகள் இங்கே ஓர் உபாதியை எடுத்துக்காட்டினார்கள். நாம் கண்ட குடமும் துணியும் தேரும் உடம்புடையவனால் ஆனவை. காரியத்துக்குக் கர்த்தா உண்டென்பது, உடம்புடையவனால் ஆன காரியங்கள் அளவிலேயே நாம் கண்டது. புகைக்கு ஈர விறகு எப்படியோ, கர்த்தாவுக்கு உடம்பு அப்படி. நையாயிகர் இதற்குப் பல விடைகள் கூறினர். ஆனால் மூன்றாம் பகுதியில் சார்வாகனை வளைத்துப் பிடித்த அந்தப் பிடி இங்கே கிடைக்கவில்லை. மலைக்கும் கடலுக்கும் கர்த்தா உண்டோ என்று ஐயுறுகிறவன், நாளைக் காலையில் செய்கிற எந்தச் செயலாலும் தன்னோடு முரண்படப் போவதில்லை.

தமிழ்நாட்டில் இதனை மிகத் துணிவாகச் சொன்னவர் நாத்திகர் அல்லர்; திருவரங்கத்தில் பெருமாளைச் சேவித்து நின்ற இராமாநுசர். பிரம்மத்தை அறியச் சாத்திரமே பிரமாணம் என்னும் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் பொருள் காணும்போது, உலகம் காரியமாதலால் கர்த்தா உண்டென்னும் அனுமானத்தை அவர் உறுப்பு உறுப்பாகக் கழற்றுகிறார். பெரிய மாளிகைகளையும் தேர்களையும் பலர் கூடிச் செய்யக் காண்கிறோமே, உலகத்துக்குக் கர்த்தா ஒருவன்தான் என்று எங்ஙனம் துணிந்தீர்? உலகமெல்லாம் ஒரே காலத்தில் ஆனதென்பதற்குச் சான்று என்ன? நாம் கண்ட கர்த்தாக்கள் யாவரும் உடம்பும், குறைந்த அறிவும், குறைந்த ஆற்றலும் உடையவர்கள். குடத்தைத் திட்டாந்தமாகக் கொண்டால், குயவனுக்குரிய குறைகளையும் இறைவன்மேல் ஏற்றவேண்டிவருமே. இவ்வளவும் கேட்டுவிட்டு அனுமானத்தை அவ்விடத்திலிருந்து விலக்கி, சுருதியையே நிறுத்தினார்.

சைவ சித்தாந்திகள் அந்த வழியே செல்லவில்லை. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் அதே அனுமானத்தைச் சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்தில் மீண்டும் எடுத்து நிறுத்தினார். அருணந்தியார் சித்தியாரில், கர்த்தாவுக்கு உடம்பு வேண்டுமா, வேண்டுமென்றால் அவ்வுடம்பை ஆக்கியவன் யார் என்னும் தடையையும் எதிர்கொண்டார். உயிர்களின் உடம்பு மாயையில் தோன்றியது, இறைவன் கொள்ளும் வடிவம் அவன் அருளால் ஆவது என்பது அவர் கூறும் சமாதானம். அத்தகைய வடிவுக்குத் திட்டாந்தம் எங்கே என்று பூர்வபட்சி மறுபடியும் கேட்பானாயின், சித்தாந்தியின் கையில் எஞ்சுவது மூன்றாம் அளவையாகிய உரைதான்.